ஒன்பது புள்ளி நான்கைப் பார்க்கவும்

அந்தக் கோப்பு என்னிடம் வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். என் கணவர் மௌத்தாகிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல், அலங்காரம் எதுவும் இல்லாமல் இருக்கவேண்டிய காலம் அது. பக்கத்து வளவில் இருக்கிற என் மூத்த சகோதரி, ராத்தா, முதல் நாளே வந்து, என் அறையின் ஜன்னல் இரண்டுக்கும் தடித்த படுக்கை விரிப்புகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. காற்று வருகிற பக்கம் அந்த ஜன்னல்கள்தான்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பில் ஒரு நிறுவனம், வெளிநாட்டுக் கம்பனிகளின் இயந்திரங்களுக்கான கையேடுகளைச் சீர்செய்து கொடுக்கிறது. நான் அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவள். ஆயிரம் பக்கக் கையேடு என்றால் அதில் ‘இதற்கு ஆறாம் அத்தியாயத்தைப் பார்க்கவும்’, ‘படம் பன்னிரண்டைப் பார்க்கவும்’ என்று ஆயிரக்கணக்கான இடங்களில் இருக்கும். அந்த எண்களை யாரும் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு தலைப்புக்கும் கணினி ஓர் அடையாளத்தை மறைவாக வைத்திருக்கும். தலைப்பு எங்கே நகர்ந்தாலும் எண் தானாக மாறிக்கொள்ளும். ஆனால் எழுதியவர் ஒருவர் அந்தத் தலைப்பை அழித்துவிட்டு, அதே சொற்களை மறுபடி தட்டினாலும் போதும், அடையாளம் செத்துவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் யாராவது முழுக் கோப்பையும் புதுப்பிக்கும்போது, எண் இருந்த இடத்திலெல்லாம் ‘பிழை, சுட்டிய இடம் காணப்படவில்லை’ என்று தடித்த எழுத்தில் வரிசையாக வந்து நிற்கும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி, எழுதியவர் எதைக் காட்ட நினைத்தார் என்று கண்டுபிடித்து, மறுபடி இணைப்பது என் வேலை.

இதைவிட மோசமானது கையால் தட்டிய எண்கள். அவை உடைவதில்லை. பிழையான இடத்தைக் காட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

கோப்பு வந்ததும் உம்மாவிடம் சொன்னேன். உம்மா என்னோடுதான் இருக்கிறார். அவர் மௌலவியிடம் போனில் கேட்டார். வீட்டுக்குள் இருந்தபடி வேலை செய்வதில் தடையில்லை, தேவையான பேச்சைத் திரைமறைவில் பேசுவதிலும் தடையில்லை என்று மௌலவி சொன்னார். உம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, போனை வைத்ததும் ராத்தாவிடம் சொன்னார்:

“அவரு செல்லுவாரு. சனம் என்ன செல்லுமெண்டு பாக்கணும்.”

அது ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கான கையேடு. அமோனியா வாயுவில் ஓடுகிற பெரிய குளிரூட்டும் தொகுதி, அதனோடு பனிக்கட்டிகளை அடுக்கி வைக்கிற குளிர் அறைகள். மூன்று பொறியியலாளர்கள் மூன்று நாடுகளில் இருந்து துண்டுதுண்டாக எழுதியதை யாரோ ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். முழுவதையும் புதுப்பித்துப் பார்த்தபோது அறுநூற்றுச் சொச்சம் இடங்கள் உடைந்திருந்தன. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கவேண்டாம். அந்த அறையில் காலையில் கண் விழித்தால் செய்வதற்கு எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

என் கணவர் வரிப்பத்தான்சேனைக்காரர். எங்கள் பக்க வழக்கப்படி கல்யாணத்தோடு என் வீட்டுக்கு வந்தவர். காணி அங்கே, மனைவி இங்கே என்று பதினொரு வருடம் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார். அறுவடைக் காலத்தில் தாய் வீட்டிலேயே தங்கிவிடுவார். அப்படித் தங்கியிருந்த ஒருநாள், வெட்டு மெசின் வயலில் ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இத்தாவின் முதல் மாதம் பார்க்க வந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. நேராகக் கேட்கமாட்டார்கள். பாயில் உட்கார்ந்து, கொஞ்சம் அழுது, தேத்தண்ணி குடித்து, பிறகு உம்மாவின் பக்கம் சாய்ந்து, “மகள் முழுகாம கிழுகாம இல்லதானே?” என்பார்கள். பதினொரு வருடத்தில் நடக்காதது இப்போது நடந்திருக்கக்கூடாதா என்று அவர்கள் முகத்தில் ஆசை தெரியும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இருபத்திநாலாம் நாள் அது இல்லையென்று ஆனது. அதற்குப் பிறகு உம்மா வருகிறவர்களை வாசலிலேயே மறித்துச் சொல்லிவிடுவார். எனக்கு அறைக்குள் கேட்கும். நான் லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு உட்காருவேன். மீன் விற்கிறவரின் ஹோர்ன் சத்தம் வீதியில் போகும்போது இருபது இடம் முடித்திருப்பேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு எழும்புவேன். வெயில் ஏற ஏற விரிப்புகள் சூடாகி, அறைக்குள் துணி வேகிற வாடை வரும். கரண்ட் போனால் ஃபேனும் இணையமும் சேர்ந்து போகும். அப்போது இருட்டில் பாயில் படுத்துக்கொண்டு, உடைந்த இடங்களை மனதுக்குள் ஓட்டிப்பார்ப்பேன். ‘மேலே சொன்ன அதே முறையில் வால்வை மூடவும்’ என்று ஓரிடத்தில் இருந்தது. மேலே எங்கே? எந்த வால்வு? பழைய வரைவுகளைத் திறந்து பார்த்து, அத்தியாயம் ஐந்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. கண்டுபிடித்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. அப்படிப்பட்டதை நான் அவரிடம்தான் சொல்லுவேன். அவருக்கு ஒன்றும் விளங்காது. “அப்ப வால்வு அம்புட்டிட்டு” என்று சிரிப்பார்.

இறந்தவருக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வீடு நிறையப் பெண்கள். வளவில் சமையல். ஓதல் முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருக்க, கொழும்பு மேலாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிட நாலைந்து வயது கூடியவர். வெளிநாட்டிலிருந்து நாலாம் அத்தியாயம் திருத்தி வந்திருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று எழுதியிருந்தார். போட்டேன். புதுப்பித்தேன். நான் அதுவரை சரிசெய்திருந்த நானூறில் பாதிக்குமேல், நாலாம் அத்தியாயத்தைக் காட்டியவை எல்லாம், ஒரே நொடியில் மறுபடி உடைந்தன. எதிரே இருந்த எழுத்துகளைப் பார்த்தபடி நான் அழுதேன். வாசலில் நின்ற பெண்கள் கணவனுக்காக அழுகிறாள் என்று நினைத்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள்.

அழுது முடித்து, மறுபடி தட்டத் தொடங்கினேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு மாமி வந்தார். மாமி என் கணவரின் தாய். வெள்ளிக்கிழமைகளில் வரிப்பத்தான்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, என் கட்டில் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு போவது அவருடைய வழக்கமாகியிருந்தது. அன்று நின்றபடியே பேசினார்.

“எண்ட புள்ளைக்கு நாப்பது ஓதுற நாளு. நீ டக்கு டக்கெண்டு தட்டிக்கிட்டு இரிக்காய்.”

நான் லெப்டொப்பை மூடினேன். “இல்ல மாமி, ஒரு அவசரம்...” என்றேன்.

“என்ன அவசரம் மகள்? இனி என்ன அவசரம்?”

அவர் போன பிறகு மீதி நாள் முழுவதும் நான் அதைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தபோது இத்தாவில் இரண்டு மாதம் கடந்திருந்தது. ஒன்பது புள்ளி நான்கு குளிர் அறைகளைப் பற்றியது. அதில் ஒரு வரி: ‘ஆள் உள்ளே இருக்கும்போது கதவு அடைபட்டால் செய்யவேண்டியவற்றுக்குப் பார்க்கவும்’. பிறகு அந்தத் தடித்த பிழை. நான் பழைய வரைவுகளைத் தேடினேன். எழுதியவர் காட்டியது பதினான்கு புள்ளி இரண்டு, அவசர வெளியேற்றம். லுஹருக்கு முன் அதை இணைத்தேன். தொழுது, சாப்பிட்டு, பதினான்காம் அத்தியாயத்துக்குப் போனேன். பதினான்கு புள்ளி இரண்டில் இயந்திர அறைக்கு, மேல்தளத்துக்கு, அலுவலகத்துக்கு எல்லாம் வழி விவரமாக இருந்தது. கடைசியில்: ‘குளிர் அறைகளுக்குப் பார்க்கவும்’. பிழை. தேடினேன். அது காட்டியது ஒன்பது புள்ளி நான்கை.

இணைத்தேன். இணைத்த பிறகு சரிபார்க்க அழுத்தினேன். ஒன்பதுக்குப் போனது. அங்கே அழுத்தினேன். பதினான்குக்கு வந்தது. ஏழெட்டுத் தடவை அழுத்தியிருப்பேன். இரண்டு இணைப்பும் சுத்தமாக வேலை செய்தன. உள்ளே மாட்டிக்கொண்டவர் என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் ஆயிரத்து நூறு பக்கத்தில் எங்கேயும் இல்லை. எப்போதோ இருந்து, ஒட்டும்போது விழுந்திருக்கவேண்டும்.

மேலாளருக்கு எழுதினேன். அவர் உடனே குரல் செய்தி அனுப்பினார்.

“நீங்க சொல்றது விளங்குது. ஆனா அது நம்மட வேலை இல்லை. உள்ளடக்கம் அவங்க பொறுப்பு. இணைப்பு உடையாம இருந்தாச் சரி. அப்படியே விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. திகதி நெருங்குது.”

நான் அப்படியே விட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தையும் பதினான்காம் அத்தியாயத்தையும் முடிந்தது என்று குறித்து அனுப்பினேன். பிழைகளின் எண்ணிக்கை இரண்டு குறைந்தது. அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஒரு வால்வின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது பற்றிக் கேட்க, கையேட்டைச் சரிபார்க்கிற தொழில்நுட்பக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் திருக்கோவில் என்கிற ஊர்க்காரர். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பார். ஐஸ் தொழிற்சாலைகளில் பத்து வருடம் வேலை செய்துவிட்டு இதற்கு வந்தவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். வால்வு விஷயம் முடிந்ததும் குளிர் அறைக் கதவைப் பற்றிச் சும்மா சொன்னேன்.

“அக்கா, நான் ஒருக்கா உள்ளுக்க மாட்டுப்பட்டிருக்கன்.”

“எங்க?”

“நான் வேலை செஞ்ச ஐஸ் பெக்டரியில. கட்டி எண்ணப் போனன். கதவு பின்னால அடிச்சுப் போட்டுது. உள்பக்கக் கைபிடி முழுக்கப் பனி. அசையவே இல்ல. கத்தினன். பக்கத்தில கொம்பிரசர் ஓடுற சத்தத்தில ஆருக்குக் கேக்கும்? மேல ஒரு சேட்டு மட்டும்தான் போட்டிருந்தன். ஒரு பத்து நிமிசத்தில விரல் மடக்க ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு அக்கா...”

என் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினேன். கதவடியில் மாமி நின்றார். அன்று வெள்ளிக்கிழமை என்பதையே நான் மறந்திருந்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல், மேசையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து வந்துகொண்டிருந்தது ஓர் ஆணின் குரல். நான் பதறிப்போய் அழைப்பைத் துண்டித்தேன். துண்டித்ததுதான் பிழையாகிப்போனது. ஒளிக்கவேண்டிய ஒன்றை ஒளித்தவள்போல ஆகிவிட்டேன்.

“ஆரு அது?”

“கூட வேலை செய்யிற ஒருத்தரு மாமி. வேலை விஷயம்.”

மாமி குசினிக்குப் போய் உம்மாவோடு மெல்லப் பேசுவது கேட்டது. வழக்கமாக அஸர் வரை இருப்பவர் அன்று லுஹரோடு போய்விட்டார். அவர் போனதும் உம்மா வந்து கையை நீட்டினார்.

“போனத் தா.”

“என்னத்துக்கு உம்மா?”

“இத்தா முடியுமட்டும் எனக்கிட்ட இரிக்கட்டும்.”

“மௌலவி சரியெண்டு சென்னாரே.”

“மௌலவி வந்து இந்த ஊட்டுல இரிக்கப் போறாரா? நாந்தானே இரிக்கன். நாளைக்கு நாலு பேரு ஒரு கத கட்டினா ஆருக்கு மானம் போற?”

எனக்கு முப்பத்திநாலு வயது. அது என் வீடு, உறுதிப் பத்திரமும் என் பெயரில்தான். நான் போனை எடுத்து உம்மாவின் கையில் வைத்தேன். உம்மா அதை அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியதைப் படுத்திருந்தபடி பார்த்தேன். கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தொழுகைப் பாய். நான் எழும்பினால் நாலு எட்டில் சுவர்.

அந்தக் கிழமைதான் எல்லாவற்றிலும் மோசம். வேலை ஓடவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஓர் இணைப்பைச் சரிசெய்யப் போய், கை தன்பாட்டில் ஒன்பதுக்குப் போகும். திருக்கோவில்காரர் சொன்னது பாதியில் நின்றிருந்தது. உயிரோடு என்னோடு பேசியவர், அப்படியானால் எப்படியோ வெளியே வந்தவர்தான். ஆனாலும் என் மனதில் அவர் அந்தக் கதவுக்கு முன்னால் விரல் மடங்காமல் நின்றுகொண்டே இருந்தார். மெயில் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் பறிபோனபிறகு அந்த மனிதருக்கு ஓர் எழுத்து எழுதவும் எனக்குப் பயமாக இருந்தது. செய்யாத குற்றம் செய்தவள்போலவே நடந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழக்கம்போலக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பயான் தொடங்கி முடிந்தது.

“மகள்.”

“என்ன மாமி?”

“அண்டைக்குக் கதைச்ச அந்த மனிசன்... ஐஸுக்குள்ள மாட்டினதெண்டானே. எப்படி வெளிய வந்தவன்?”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். ஒரு கிழமையாக அந்த வயலூரில் இருந்துகொண்டு அவரும் இதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“எனக்கும் தெரியா மாமி. அவரு செல்லி முடிக்கல்ல. போன உம்மா எடுத்து வச்சிட்டா.”

மாமி எழும்பிப் போனார். அலுமாரித் திறப்புக்கொத்து கிலுங்குகிற சத்தம் கேட்டது. உம்மா ஏதோ சொல்ல, மாமி, “நான் பக்கத்தில இரிக்கன். போதாதா?” என்றார். நான் எழும்பி உட்கார, போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“எடு. அண்டைக்குப் போலச் சத்தமாப் போடு.”

திருக்கோவில்காரர் உடனே எடுத்தார். அழைப்பு ஏன் துண்டிக்கப்பட்டது என்று அவர் கேட்கவில்லை. என் மாமியும் பக்கத்தில் இருக்கிறார், மீதிக் கதையைக் கேட்க ஆசைப்படுகிறார் என்றேன்.

“அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்க அக்கா. என்னெண்டா, உள்ளுக்க லைட்டுக்கு ஒரு சுவிச் இருந்திச்சு. அதப் போட்டா வெளிய கதவுக்கு மேல ஒரு சின்னச் சிவப்பு பல்பும் சேந்து எரியும். எனக்கு அது ஞாபகம் வந்துது. விரல் வேலை செய்யல்ல, முழங்கையால சுவிச்சப் போட்டுப் போட்டு அணைச்சன். தேத்தண்ணி கொண்டு வந்த மனிசன் பல்பு கண் சிமிட்டுதெண்டு பாத்துக் கதவத் திறந்தார்.”

“அல்லாஹ்” என்றார் மாமி.

“அது இல்ல அம்மா பெரிய கதை. பிறகு கதவு திருத்த வந்த ஆள் காட்டினார், உள்பக்கம் தள்ளுறதுக்கு எண்டே ஒரு இரும்புக் கோல் இருக்கு. நெஞ்சு உயரத்தில. கையால ஒரு தட்டுத் தட்டினாப் பூட்டுக் கழண்டு கதவு திறக்கும். பனி மூடிக் கிடந்ததால அது என்னெண்டு எனக்குத் தெரியல்ல. அரை மணித்தியாலம் அதுக்கு முன்னாலதான் நிண்டிருக்கன். ஒருத்தரும் சொல்லித் தரல்ல, எந்தப் புத்தகத்திலயும் இருக்கல்ல.”

பேசி முடிந்து போனை வைத்த பிறகு மாமி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

“அண்டைக்குக் காலைல நெஞ்சு நோகுதெண்டான். கை விறைக்குதெண்டான். நான் வாயு எண்டு நெனச்சன். உள்ளிப்பூடு சுட்டுக் குடுத்தன். திண்டுட்டு, இப்ப சரி உம்மா எண்டுட்டு வயலுக்குப் போனான். ரெண்டு மணித்தியாலம் இருந்திச்சு மகள். ரெண்டு மணித்தியாலம். எனக்குத் தெரியா.”

இது எனக்குச் சொல்லப்படாத பகுதி. நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் கை வெந்நீரில் போட்டதுபோலச் சூடாக இருந்தது. அவரை மன்னித்தேனா என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். மன்னிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். வேறொரு நாள் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் நிமிடம் நிமிடமாக எண்ணிக்கொண்டிருப்பேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையிலிருந்த லெப்டொப்பைக் காட்டினார்.

“அந்த இரும்புக் கோலப் பத்தி இதுல எழுதினயா?”

“இல்ல மாமி. எழுதுறது எண்ட வேல இல்ல. நான் இணைக்கிறது மட்டுந்தான்.”

“அப்ப ஆருட வேல?”

அன்று அவர் பஸ்ஸுக்குப் போன பிறகு, கையேட்டை எழுதிய தலைமைப் பொறியியலாளரின் முகவரியைப் பழைய கடிதங்களில் தேடி எடுத்து, நேரடியாக அவருக்கே எழுதினேன். ஒன்பது நான்கு பதினான்கைக் காட்டுகிறது, பதினான்கு ஒன்பதைக் காட்டுகிறது, இரண்டிலும் விஷயம் இல்லை, இப்படியே அச்சுக்குப் போனால் குளிர் அறைக்குள் மாட்டிக்கொள்கிறவருக்கு இந்தக் கையேட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எழுதினேன். திருக்கோவில்காரர் சொன்னதைப் பெயர் இல்லாமல் ஒரு பந்தியாகச் சேர்த்தேன். முடிந்தது என்று நான் அனுப்பியிருந்த இரண்டு அத்தியாயங்களையும் முடியவில்லை என்று மாற்றிக் குறித்தேன்.

அடுத்த நாளே மேலாளர் அழைத்தார். உம்மா போனை என் கையில் தந்துவிட்டு அங்கேயே நின்றார்.

“வாடிக்கையாளருக்கு நேரடியா எழுத உங்களுக்கு ஆர் அனுமதி தந்தது?”

“ஒருவரும் தரல்ல மேடம்.”

“நான் அது நம்மட வேலை இல்லையெண்டு சொன்னேன்தானே?”

“ஓம் மேடம். சொன்னீங்க.”

“உங்கட நிலைமை தெரிஞ்சுதான் இவ்வளவு பொறுமையா இருக்கிறன்.”

என் நிலைமை. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்து கேட்டிருப்பார்.

பதில் வர ஒன்பது நாள் எடுத்தது. பொறியியலாளர் இரண்டே வரி எழுதியிருந்தார். கதவு செய்கிற கம்பனியின் தாளில் அது இருந்ததாகவும், அந்தத் தாளைச் சேர்க்க மறந்துவிட்டதாகவும், கவனித்ததற்கு நன்றி என்றும். அதோடு ஒன்றரைப் பக்கம் வந்தது. தள்ளுகோல் எங்கே இருக்கும், பனி படிந்தால் எப்படித் தட்டவேண்டும், வெளியே மணி எங்கே பொருத்தவேண்டும், தனியாக ஆள் உள்ளே போகக்கூடாது என்று எல்லாம் இருந்தது. நான் அதற்கு ஒன்பது புள்ளி ஐந்து என்று தலைப்புப் போட்டு, இரண்டு இடத்திலிருந்தும் அதற்கு இணைத்தேன். அழுத்திப் பார்த்தேன். போய் நின்றது. ஒரு தடவைக்கு மேல் அழுத்தவில்லை.

கோப்பு முடிந்து போனது. மேலாளர் அதற்குப் பிறகு எனக்குப் பெரிய கையேடு எதுவும் தரவில்லை. சின்னச் சின்ன வேலைகள் வரும், முப்பது பக்கம், நாற்பது பக்கம், அதில் உடைவதற்கு அதிகம் இருக்காது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் அறையில் அப்படியே இருந்தது. இத்தாவின் கடைசி மூன்று கிழமையும் நான் நாட்களை எண்ணவில்லை, எண்ணினால் நகரவில்லை. போன் மறுபடி அலுமாரிக்குப் போனது. மாமி வெள்ளிக்கிழமைகளில் வந்தார். உள்ளியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், ஐஸ் பெக்டரி மனிசனுக்குப் பிள்ளைகள் இருக்கா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த அன்று குளித்து, ராத்தா கொண்டுவந்த நீலச் சாரியை உடுத்து, மேலே அபாயாவைப் போட்டேன். பெண்கள் வந்து துஆக் கேட்டு, சாப்பிட்டுப் போனார்கள். அடுத்தது என்ன என்று இரண்டு பேர் உம்மாவோடு மெல்லக் கதைத்ததும் என் காதில் விழுந்தது. ஒருவர் மாப்பிள்ளையாகத் தன் தம்பி முறையான யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னார். அஸருக்குப் பிறகு நான் உம்மாவிடம் வெளியே போகவேண்டும் என்றேன். உம்மா மறுக்கவில்லை. ராத்தா சந்தியிலிருந்து ஓர் ஓட்டோவை அழைத்துவிட்டார். நானும் உம்மாவும் ஏறினோம்.

“எங்க போகணும்?” என்று ஓட்டோக்காரர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்தார். இவ்வளவு நாளும் வெளியே என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன். வெளியே எங்கே என்று ஒருநாளும் நினைக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் வாங்க ஒன்றும் இல்லை. போய் இருக்க ஒரு வீடும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“ஆஸ்பத்திரி மட்டும் போய்க் கிறுகித் திரும்பி, கடற்கரை ரோட்டால வாங்க” என்றார் உம்மா.

ஓட்டோ போனது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பஸ் நிலையத்தடியில் சனம், பழக்கடைகள், டியூசன் வகுப்பு விட்டுப் போகிற பிள்ளைகள். எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். கடற்கரை ரோட்டில் காற்று முகத்தில் அடித்தபோது மட்டும் கொஞ்சம் மூச்சு இறங்கியது. இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, எங்கள் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

உம்மா ஒரு காலைக் கீழே வைத்தார். நான் அசையவில்லை.

“என்ன மகள், இறங்கல்லயா?”

“இன்னொரு சுத்துப் போய் வருவம் உம்மா.”

உம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டு, ஓட்டோக்காரரிடம், “தம்பி, இன்னொருக்கா அதே வழியால போங்க” என்றார்.